குழலுக்குள் ஓடும் புரி: வேட்டைத் துப்பாக்கியின் குண்டு ஏன் சுழல வேண்டும்?

சென்ற புரட்டாசியில், எங்கள் பக்கம் சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு படம் அனுப்பினான். வெள்ளைக் காகிதத்தில் சுட்ட ஐந்து துளைகள். மூன்று ஓரளவு வட்டம். மற்ற இரண்டும் பழைய பூட்டின் சாவித்துளை போல நீண்டிருந்தன. அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குண்டின் கூர்முனை, உடல், அடிப்பாகம் என்று அதன் பக்கவாட்டு உருவம் முழுவதும் காகிதத்தில் வெட்டி எடுத்ததுபோல் பதிந்திருந்தது.

"பெரியம்மா, குண்டு படுத்துக்கொண்டே போய் மோதியிருக்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?" என்று கேட்டிருந்தான்.

துப்பாக்கி கெடவில்லை. குண்டிலும் குறை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஏன் பொருந்தவில்லை என்பதை அவனுக்குத் தொலைபேசியில் மூன்று நாள் விளக்கினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் இடையே உள்ள கிராமத்தில் இருக்கிறேன். பள்ளியில் இயற்பியல் கற்பித்தேன். மாணவிகளின் தேசிய மாணவர் படைக்கும் பொறுப்பாசிரியையாக இருந்தேன். முகாம்களில் பாயின்ட் இருபத்திரண்டு துப்பாக்கியால் காகித இலக்கைச் சுட்டது தவிர வேறு எதையும் சுட்டதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். வடுவூர் ஏரிக்கு வரும் பறவைகளையும் கோடியக்கரையில் மேயும் வெளிமான்களையும் பார்த்து வளர்ந்தவள் வேறு எப்படி நினைக்க முடியும்? ஆனால் மகனுக்குச் சமமான அந்தப் பிள்ளை இருக்கும் ஊரில் உரிமம் வாங்கி, பருவத்தில், எண்ணிக்கைக்கு உட்பட்டு மான் வேட்டையாடுகிறார்கள். அப்படி ஒருவர் சுடுவதென்று ஆகிவிட்டால், அந்தக் குண்டு நேராகப் போய் அந்த விலங்கை அதே இடத்தில் சாய்க்க வேண்டும். குறி தப்பிய காயத்தோடு ஒரு மான் இரவெல்லாம் காட்டில் கிடந்து துடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை அக்கறை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா என்பது முழுப்பொருள்: பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, பின்னால் தீமூட்டும் சிறு மூடி, முன்னால் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் பறந்து செல்வது அந்தக் குண்டு மட்டும்தான். நாம் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

இப்போது குழலுக்குள் பார்ப்போம். முகாமில் சுட்டு முடித்ததும், துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை சோதித்துவிட்டு, எண்ணெய்த் துணி கட்டிய கயிற்றைக் குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைப்போம். பிறகு குழலை வானத்துக்கு எதிரே பிடித்து, பின்வாய் வழியாக ஒவ்வொரு மாணவியையும் பார்க்கச் சொல்வேன். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லாருமே ஒரு நொடி பேச்சிழந்துவிடுவார்கள். உள்ளே வெறும் ஓட்டை இல்லை. பளபளக்கும் இரும்புச் சுவரில் வாய்க்காலும் வரப்பும் மாறி மாறி, வழுக்கிக்கொண்டே சுருண்டு, தூரத்து வெளிச்சப்பொட்டு வரை ஓடுகின்றன. வயலில் நேராக ஓடும் வாய்க்காலை யாரோ பிடித்து முறுக்கிவிட்டதுபோல் இருக்கும்.

அந்த முறுக்கைத்தான் நான் புரி என்கிறேன். கதிர்க்கட்டு கட்ட நாம் வைக்கோலைத் திரிக்கிறோமே, பேச்சில் பிரி என்று சொல்வோமே, அதே சொல்தான். வலம்புரிச் சங்கு, இடம்புரிச் சங்கு என்பதிலும் அதே புரி. துப்பாக்கிக் குழலிலும் வலம்புரி, இடம்புரி இரண்டும் உண்டு. பெரும்பாலானவை வலம்புரி. சுடுபவர் பக்கமிருந்து பார்த்தால் குண்டு கடிகார முள்ளின் திசையில் சுழன்றுகொண்டு போகும்.

குண்டு குழலின் துளையைவிட ஒரு மயிரிழை பருமனாக இருக்கும். வெடிமருந்தின் வாயு பின்னாலிருந்து தள்ளும்போது அது அந்த வரப்புகளில் அழுந்தி, அவை திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பிக்கொண்டே வெளியேறுகிறது.

எவ்வளவு நெருக்கமாக முறுக்கியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவு வேண்டும் அல்லவா? ஒரு முழுச் சுற்று சுற்ற வரப்பு எத்தனை அங்குலம் ஓடுகிறது என்பதே அந்த அளவு. பத்து அங்குலத்தில் ஒரு சுற்று முடிந்தால் அது பத்து அங்குலப் புரி. ஏழு அங்குலத்தில் முடிந்தால் ஏழு அங்குலப் புரி. எண் சிறியதானால் புரி நெருக்கம், சுழற்சி அதிகம். எண் பெரியதானால் புரி தளர்ச்சி, சுழற்சி குறைவு. இந்த இடத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். இறுக்கித் திரித்த கயிற்றையும் தளர்த்தித் திரித்த கயிற்றையும் மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சுழற்சி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 2800 அடி, அதாவது 853 மீட்டர் வேகத்தில் பத்து அங்குலப் புரியிலிருந்து ஒரு குண்டு வெளிவருகிறது. 2800 அடி என்பது 33,600 அங்குலம். பத்தால் வகுத்தால் வினாடிக்கு 3360 சுற்று; நிமிடத்துக்கு 2,01,600 சுற்று. வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது சுற்று சுற்றினாலே நமக்கு வேகம்.

இத்தனை சுழற்சி எதற்கு? பக்கத்து வீட்டுப் பையனிடம் பம்பரம் வாங்கி, திண்ணையில் விட்டு, கைப்பேசியில் படம் பிடித்துத் தங்கை மகனுக்கு அனுப்பினேன். சாட்டையைச் சுண்டி இழுத்துவிட்டதும் பம்பரம் முதலில் கொஞ்சம் தலையாட்டியது. பிறகு அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. பம்பரம் உறங்குகிறது என்று பிள்ளைகள் சொல்வார்களே, அப்படி. சுழற்சி குறைந்ததும் மறுபடி தலை வட்டமிடத் தொடங்கியது, வட்டம் அகன்றது, சாய்ந்து உருண்டுவிட்டது. சுழலாத பம்பரத்தை அந்த ஆணியின்மேல் ஒரு நொடிகூட நிறுத்த முடியாது.

பம்பரத்தைச் சாய்க்கப் பார்ப்பது அதன் எடை. குண்டைச் சாய்க்கப் பார்ப்பது காற்று. இறகுப் பந்தை எப்படி அடித்தாலும் கனமான தக்கை முன்னே வந்துவிடும், இறகு பின்னே போய்விடும். காற்றின் அழுத்தம் எடையின் மையத்துக்குப் பின்னால் விழுவதால் அது தானாக நேராகிக்கொள்கிறது. அம்பும் அப்படித்தான். துப்பாக்கிக் குண்டோ இதற்கு நேர் எதிர். கூரான முனை இலேசு. பருத்த அடிப்பாகம் கனம். எடையின் மையம் பின்னால், காற்று பிடித்துத் தள்ளும் இடம் முன்னால். சுழலாமல் விட்டால் குழலை விட்டு வெளியேறிய சில முழ தூரத்திலேயே காற்று அதன் மூக்கைப் பிடித்துப் புரட்டிவிடும். தங்கை மகன் அனுப்பிய படத்தில் நான் பார்த்தது அப்படிப் புரண்ட குண்டைத்தான்.

இனி வருவதுதான் எல்லாவற்றுக்கும் மையம். எத்தனை சுழற்சி போதும் என்பதைத் தீர்மானிப்பது முதன்மையாகக் குண்டின் நீளம். எடை அல்ல. வேட்டைக்காரர்கள்கூடக் கனமான குண்டுக்கு நெருக்கமான புரி வேண்டும் என்றே பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். ஒரே துளையளவுள்ள குண்டுகளில் கனமானது பெரும்பாலும் நீளமானதாகவும் இருப்பதால் அந்தப் பேச்சு பிழைத்துப் போகிறது. ஆனால் உண்மையான காரணம் நீளம்தான். ஆடிக் காற்றில் வரப்பின்மேல் நடந்து பாருங்கள். கையில் ஒரு முழக் குச்சி இருந்தால் காற்று ஒன்றும் செய்யாது. அதே பருமனில் ஓர் ஆள் உயர மூங்கிலை நீட்டிப் பிடித்தால் நுனியைப் பிடித்து மணிக்கட்டையே திருகிவிடும். நெம்புகோல் நீண்டுவிட்டது; வேறொன்றுமில்லை. அதோடு, குண்டு நீண்டு மெலிய மெலிய, சுழற்சி அதற்குக் கொடுக்கும் பிடிப்பும் ஒப்பளவில் குறைகிறது. ஆகவே நீளத்துக்கு இரண்டு வழியிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி. கொழுப்புத் தடவிய அதன் தோட்டாவைத்தான் 1857இல் சிப்பாய்கள் வாயில் கடிக்க மறுத்தார்கள். அதன் குண்டு 530 கிரெயின், அதாவது 34 கிராம் கனம். (பொற்கொல்லரின் ஒரு குன்றிமணி எடை ஏறத்தாழ இரண்டு கிரெயின் என்று வைத்துக்கொள்ளலாம்.) இன்றைய மான் வேட்டைக் குண்டைப்போல மூன்று நான்கு மடங்கு கனம். எடைதான் காரணம் என்றால் அதற்கு மிக நெருக்கமான புரி தேவைப்பட்டிருக்க வேண்டும். அதற்கு இருந்ததோ 78 அங்குலப் புரி! குழலின் நீளமே 39 அங்குலம்தான். குண்டு அரைச் சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அது குட்டையும் தடிமனுமான குண்டு.

இன்னொரு சான்று அமெரிக்கப் படையின் எம்16 துப்பாக்கி. 1980களில் அதற்கு இரண்டு வகைக் குண்டுகள் கொடுத்தார்கள். ஒன்று சாதாரணக் குண்டு, 62 கிரெயின், 23 மில்லிமீட்டர் நீளம். மற்றது இரவில் ஒளிக்கோடு இழுத்துப் போகும் குண்டு. எடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எரியும் கலவைக்கு உள்ளே இடம் வேண்டியிருந்ததால் நீளம் 29 மில்லிமீட்டர். முதலாவதற்கு ஒன்பது அங்குலப் புரியே போதும். இரண்டாவதற்காகத்தான் குழலை ஏழு அங்குலப் புரியாக இறுக்கினார்கள்.

நீளத்துக்கும் புரிக்கும் உள்ள உறவை ஒரு சிறு வாய்ப்பாட்டில் அடக்கியவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். இங்கிலாந்தின் வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்தவர்; 1879இல் இதைச் சொன்னார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்க வேண்டும். அதை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான புரி கிடைக்கும். இன்றைய அதிவேகக் குண்டுகளுக்கு 150க்குப் பதில் 180 போடுவார்கள். ஈயம் இல்லாத செப்புக் குண்டானால், செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால், விடையை 0.9ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

தங்கை மகனின் கணக்கைப் போட்டோம். அவன் வாங்கியிருந்தது ஒரு பழைய துப்பாக்கி. துளை 5.7 மில்லிமீட்டர். கயோட்டி ஓநாய், மண்ணில் வளை தோண்டும் கொறிவிலங்குகள் போன்றவற்றுக்காகச் செய்தது. அவன் அதில் போட்டதோ மானுக்கென்று வாங்கிய முழுச் செப்புக் குண்டு, 22 மில்லிமீட்டர் நீளம். 5.7ஐ 5.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 32.5. அதை 180ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் 266. செம்புக்காக 0.9ஆல் பெருக்கினால் சுமார் 240 மில்லிமீட்டர். அதாவது ஒன்பதரை அங்குலப் புரி வேண்டும்.

"உன் குழலில் என்ன புரி?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. குழலின்மேலும் எழுதியிருக்கவில்லை. அளந்து பார்க்கச் சொன்னேன். இது யாரும் வீட்டிலேயே செய்யக்கூடியது. துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்த பிறகு, கைப்பிடியில் தடையின்றித் தானே சுழலும் துடைப்புத் தண்டின் நுனியில் இறுக்கமான துணியைச் சுற்றி, குழலுக்குள் கொஞ்சம் தள்ள வேண்டும். துணி வரப்புகளைப் பிடித்துக்கொண்டதும் தண்டின் மேல்பக்கம் மையால் ஒரு பொட்டு வைத்து, குழல் வாயருகே இன்னொரு குறி போட வேண்டும். மெல்லத் தள்ளினால் தண்டு தானாகச் சுழலும். பொட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை தண்டு எத்தனை அங்குலம் உள்ளே போனதோ, அதுவே புரி. ஒருமுறை அளந்தால் துணி வழுக்கியிருக்கலாம். மூன்று முறை அளப்பது நல்லது.

மூன்று முறையும் 14 அங்குலம் வந்தது.

ஒன்பதரை எங்கே, 14 எங்கே! அந்தக் குழலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. 16 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு ஈயக் குண்டுக்குக் கணக்குப் போட்டால் 14 அங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. செய்தவர்கள் அந்தக் குண்டை நினைத்தே செய்திருக்கிறார்கள். செப்புக் குண்டின் பெட்டியை எடுத்துப் படிக்கச் சொன்னேன். குறைந்தது எவ்வளவு நெருக்கமான புரி வேண்டும் என்று சிறிய எழுத்தில் அதன் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருந்தது. அவன் எடையை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறான்.

கிரீன்ஹில் வாய்ப்பாடு கைக்கணக்கு. இன்று பலரும் பயன்படுத்துவது 2005இல் டான் மில்லர் வெளியிட்ட முறை. அது நீளத்தோடு எடை, வேகம், காற்றின் அடர்த்தி ஆகியவற்றையும் சேர்த்து நிலைப்பு எண் ஒன்றைத் தருகிறது. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு புரளும். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே இருந்தால் புரளாது; ஆனால் பம்பரம் உறங்குவதற்கு முன் தலையாட்டுகிறதே, அதுபோல ஆடிக்கொண்டே போகும், காற்றில் வேகத்தையும் கூடுதலாக இழக்கும். ஒன்றரைக்கு மேல் இருந்தால் நிம்மதி. தங்கை மகனின் துப்பாக்கிக்கு ஒன்றுக்கு வெகு கீழே வந்தது.

காற்றின் அடர்த்தி என்றேனே, அது நமக்கு அந்நியமானது அல்ல. நாகப்பட்டினத்தில் கடல் மட்டத்துக் காற்று கனமானது. ஊட்டியில் 2200 மீட்டருக்கு மேலே காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இலேசு. அங்கே தட்டுத் தடுமாறி நேராகப் போகும் குண்டு இங்கே ஆடக்கூடும். குளிரும் காற்றைக் கனமாக்கும். மொன்டானாவின் பனிக்கால விடியலில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். எம்16 துப்பாக்கியே முதலில் 14 அங்குலப் புரியோடுதான் வந்தது. கடுங்குளிரில் குண்டுகள் குறி பிசகியதைக் கண்டு 1960களின் தொடக்கத்தில் 12 அங்குலமாக இறுக்கினார்கள். கோடையில் காகிதத்தில் ஒழுங்காகச் சுட்ட துப்பாக்கியை நம்பிப் பனியில் மான் தேடிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வேட்டை உலகில் ஒரு தோட்டாவின் தலையெழுத்தையே புரி மாற்றிய கதை உண்டு. 1955இல் ஆறு மில்லிமீட்டர் துளையில் இரண்டு புதிய தோட்டாக்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. வின்செஸ்டர் நிறுவனத்தின் பாயின்ட் 243க்குப் பத்து அங்குலப் புரி. ரெமிங்டன் நிறுவனத்தின் பாயின்ட் 244க்குப் பன்னிரண்டு அங்குலப் புரி. ரெமிங்டன், சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடும் இலேசான குண்டுகளை மனதில் வைத்திருந்தது. மக்களோ ஒரே துப்பாக்கியால் மானையும் சுட வேண்டும், அதற்கு 100 கிரெயின் குண்டு வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு அங்குலப் புரி அந்த நீளக் குண்டைத் தாங்குமா என்ற ஐயம் பரவியது. 243 வீடுதோறும் போயிற்று, 244 தேங்கியது. 1963இல் ஒன்பது அங்குலப் புரியோடும் ஆறு மில்லிமீட்டர் ரெமிங்டன் என்ற புதிய பெயரோடும் மறுபடி வந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது. தோட்டாவைப் பொறுத்தவரை இரண்டாவதே கொஞ்சம் வலுவானது என்பார்கள். இரண்டு அங்குலம் அதைச் சாய்த்துவிட்டது.

சுழற்சியின் அறிவியலை முதலில் ஒழுங்காக ஆராய்ந்த மனிதர் நமக்கு மிக அருகில்தான் இறந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெஞ்சமின் ராபின்ஸ், ஆங்கிலேயர். வழவழப்பான குழலிலிருந்து வரும் உருண்டைக் குண்டு ஏன் இஷ்டத்துக்கு ஒதுங்குகிறது என்று 1740களில் ஆராய்ந்தார். ஒரு மரப்பந்தை இரட்டை நூலில் தொங்கவிட்டு, நூலை நன்றாக முறுக்கி, ஊஞ்சல்போல் ஆடவிட்டார். புரி பிரியப் பிரியப் பந்து சுழன்றது. சுழன்றதும் ஆட்டம் நேர்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கியது. குழலின் சுவரில் உரசி எந்தத் திசையிலோ சுழன்றுகொண்டு வருவதால்தான் குண்டு ஒதுங்குகிறது, சுழற்சியை நாமே ஒரு நேர் அச்சில் கொடுத்துவிட்டால் நேராகப் போகும் என்று கண்டார். புரிக்குழலின் சிறப்பை 1747இல் லண்டன் ராயல் கழகத்தில் விளக்கினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்து, காய்ச்சலில் விழுந்து, 1751 ஜூலை 29 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். கொள்ளிடத்தைத் தாண்டிச் சிதம்பரம் வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து அரைநாள் பயணம்கூட இல்லை. தஞ்சாவூர்ப் பீரங்கிமேட்டில், இரும்புப் பட்டைகளை வளையங்களால் இறுக்கிச் செய்த நாயக்கர் காலத்துப் பெரும் பீரங்கி ஒன்று கிடக்கிறது. அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் புரி இருக்காது. அவர் ஆராய எடுத்துக்கொண்ட சிக்கல் அந்த வழவழப்பில்தான் இருக்கிறது.

இனி விலங்கின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். இதில் தவறான நம்பிக்கைகள் அதிகம். நெருக்கமான புரியிலிருந்து வரும் குண்டு துளைப்பான் எந்திரம்போல் குடைந்துகொண்டு போகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பத்து அங்குலப் புரியில் ஒரு சுற்றுக்குக் குண்டு 25 சென்டிமீட்டர் முன்னேறுகிறது. மானின் மார்புக்கூடு நாற்பது சென்டிமீட்டர் என்றால், ஓரிரு சுற்று; உள்ளே வேகம் குறைவதால் இன்னும் சில. இது குடைவதாகாது. ஆற்றலையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 150 கிரெயின் குண்டு வினாடிக்கு 853 மீட்டர் வேகத்தில் போகும்போது அதன் முன்னோட்ட ஆற்றல் ஏறத்தாழ 3500 ஜூல். சுழற்சியில் இருப்பது 17 ஜூலுக்கும் குறைவு. இருநூறில் ஒரு பங்குகூட இல்லை.

மேலும், உடலின் சதை காற்றைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தியானது. காற்றில் குண்டை நிமிர்த்தி வைத்த சுழற்சி அதற்குள் ஒன்றுமே இல்லை. எந்தத் துப்பாக்கியின் எந்தப் புரியும் அங்கே போதாது. அப்படியானால் குண்டு உடலுக்குள் எப்படி நேராகப் போகிறது? அங்கே அதைக் காப்பது அதன் உருவமாற்றம். வேட்டைக் குண்டின் முனை பட்டதும் மலர்ந்து காளான்போல் விரியும்படி செய்யப்படுகிறது. முன்பக்கம் அகன்று, எடை முன்னால் வந்து, கிட்டத்தட்ட இறகுப் பந்தின் தக்கைபோல் ஆகிவிடுவதால் அது நேராகச் சென்று நுரையீரலையும் இதயத்தையும் கடக்கிறது. விலங்கு சில நொடிகளில் நினைவிழக்கிறது.

ஆனால் அந்த மலர்ச்சி ஒழுங்காக நடக்க, குண்டு மூக்கு முன்னே வைத்துத் தோலைத் தொட வேண்டும். புரியின் வேலை இதுதான்: தோலைத் தொடும் நொடி வரை மூக்கை நேராகப் பிடித்திருப்பது. போதிய சுழற்சி இல்லாமல் சாய்ந்து வந்து மோதும் குண்டு ஒருபக்கமாக நசுங்கலாம், விரியாமல் போகலாம், உள்ளே திரும்பிக் குடலுக்குப் போகலாம். செப்புக் குண்டுக்கு இது இன்னும் முக்கியம். அதன் முனையில் ஒரு சிறு குழி இருக்கிறது. அது நேராகப் பட்டால்தான் இதழ்கள் விரியும். ஒன்றைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலைப்பு எண் காகிதத்தில் வட்டத்துளை போடலாம். மானுக்கு அது போதாது. ஒன்றரைக்குக் குறையாமல் பார்த்துக்கொள் என்று தங்கை மகனிடம் நான் கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எல்லாக் குழலையும் ஏழு அங்குலப் புரியாக இறுக்கிவிட வேண்டியதுதானே என்று அவன் கேட்டான். ஓரளவு சரிதான், தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் சுழற்சி கெடுதல் செய்வதில்லை. மெல்லிய உறை போட்ட சிறு ஈயக் குண்டுகளில்தான் சிக்கல். வினாடிக்கு 3600 அடி வேகத்தில் ஏழு அங்குலப் புரியிலிருந்து வந்தால் நிமிடத்துக்கு 3,70,000 சுற்று. அந்தச் சுழற்சியில் உறை கிழிந்து, இலக்குக்குப் போகும் வழியிலேயே குண்டு சாம்பல்நிறப் புகையாகச் சிதறிப் போனதைச் சுடுபவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிதறாமல் போய்ப் பட்டாலும் மேல்தோலிலேயே உடைந்து ஆழமில்லாத பெரும் காயத்தை உண்டாக்கும். விலங்கு அதோடு ஓடிவிடும். உள்ளே ஈயம் சற்றே ஒருபக்கம் ஒதுங்கி வார்க்கப்பட்ட குண்டானால், சுழற்சி கூடக் கூட அந்தக் கோணலும் பெரிதாகிக் குறி சிதறும். வலம்புரிக் குழலின் குண்டு நெடுந்தொலைவில் சிறிது வலப்பக்கம் ஒதுங்கும் என்பதும் உண்டு. மான் வேட்டையின் தொலைவுகளில் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அவன் ஏன் செப்புக் குண்டைத் தேர்ந்தெடுத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஈயக் குண்டு விரியும்போது பொடிப்பொடியாகச் சிதறும். வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் கழுகுகள் தின்னும். ஈயம் அவற்றைக் கொல்லும். கலிஃபோர்னியாவில் காண்டார் கழுகுகள் இப்படி மாண்டதால், 2019 ஜூலை 1 முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. மொன்டானாவில் அந்தக் கட்டாயம் இல்லை. அவனாகவே வாங்கினான். சின்ன வயதில் வடுவூர் ஏரிக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீர்க்காகம் எண்ணிய பிள்ளை. அந்த நல்ல எண்ணம்தான் அவனை இந்தச் சிக்கலில் கொண்டுவந்து விட்டது. ஒரே எடைக்குச் செம்பு ஈயத்தைவிட இடம் அதிகம் கேட்கும். துளையின் அகலம் மாறாது. அதனால் குண்டு நீள்கிறது. நீண்டால் நெருக்கமான புரி வேண்டும். பழைய துப்பாக்கியில் புதிய செப்புக் குண்டு போடுகிறவர்கள் பலர் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

பழைய துப்பாக்கியை அதற்குரிய சிறு குண்டோடு காகித இலக்குக்கென்று ஒதுக்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே துளையில் புதிய குழல் ஒன்று இருந்தது. தண்டும் துணியும் எடுத்துப்போய் மூன்று முறை அளந்தான். ஐப்பசி முதல் வாரத்தில், இங்கே மழை தொடங்கிய அன்று, அடுத்த படம் வந்தது. அதே பெட்டியிலிருந்து எடுத்த அதே செப்புக் குண்டுகள். ஐந்து துளைகளும் வட்டம். ஐந்தையும் ஒரு தேநீர்க் குவளையின் வாயால் மூடிவிடலாம். காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 8 என்று எழுதி வட்டமிட்டிருந்தான்.